அத்தைக்குக் குத்திய ஊசி, அப்பாவுக்குக் குத்திய ஊசி

கடந்த ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, அப்பாவின் கழுத்தில் இருந்த கட்டியை நான்தான் முதலில் பார்த்தேன். வார விடுமுறைக்காகக் கோலாலம்பூரிலிருந்து கொம்யூட்டர் ரயில் ஏறி, போர்ட் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிய அப்பா, கண்ணாடி முன் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். இடப்பக்கம், காதுக்குச் சற்றுக் கீழே, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வீக்கம் தெரிந்தது.

“எத்தன நாளாப்பா இது?”

“ரெண்டு மாசம் இருக்கும். வலிக்கல. விடும்மா.”

நானும் அம்மாவும் விடவில்லை. அரசாங்க கிளினிக்கில் மருத்துவர் இரண்டு வாரத்துக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார். கட்டி கரையவில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே நிபுணர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். மூக்கின் வழியே மெல்லிய கேமராவைச் செலுத்தித் தொண்டையின் பின்புறத்தையும் பார்த்தார். “எஃப்.என்.ஏ. செய்யணும். சின்ன ஊசிதான், பயப்படாதீங்க” என்றார். தேதியும் கொடுத்தார்கள்.

அப்பா அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்தார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னார்: “ஊசியெல்லாம் வேணாம். கட்டியில ஊசி குத்துனாதான் பரவும். உன் அத்தைக்கு அப்படித்தான் ஆச்சு.”

நான் உயிரிமருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. நுண்ணூசியைக் கொண்டு உயிரணுக்களை உறிஞ்சி எடுக்கும் இந்தச் சோதனையைப் பற்றி வகுப்பில் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால், அப்பா சொன்ன அந்த ஒரு வரிக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அத்தை இறந்தபோது நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மார்பில் கட்டி இருந்தது, மருத்துவமனையில் ஊசி குத்தினார்கள், ஐந்து மாதத்தில் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அறிந்த கதை இதுதான். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு கதை இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிவம் ஒன்றில் நாம் செய்ததுதான்

முதலில் இந்தச் சோதனை என்ன என்று பார்ப்போம். படிவம் 1 அறிவியல் வகுப்பு நினைவிருக்கிறதா? கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, மெத்திலின் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தோம். தட்டையான உயிரணுக்கள், நடுவில் கருநீலப் புள்ளியாக உட்கரு. எஃப்.என்.ஏ. சோதனையின் அடிப்படையும் அதுதான். கன்னத்தில் சுரண்டுவதற்குப் பதில், உடம்புக்குள் இருக்கும் கட்டியிலிருந்து ஊசியால் உயிரணுக்களை எடுக்கிறார்கள்.

தோலைச் சாராயத் திரவத்தால் துடைத்துவிட்டு, மருத்துவர் கட்டியை இரண்டு விரல்களுக்கு இடையில் நகராமல் பிடித்துக்கொள்வார். வழக்கமாக 23 அல்லது 25 எண் ஊசியைப் பயன்படுத்துவார்கள். 25 எண் ஊசியின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கையில் இரத்தம் எடுக்கக் குத்தும் ஊசி பெரும்பாலும் இதைவிடத் தடிமனானது. ஊசி கட்டிக்குள் போனதும் சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி, முன்னும் பின்னுமாகச் சில முறை வேகமாக அசைப்பார்கள். ஊசி முனை உராய்வதால் கழன்று வரும் உயிரணுக்கள் ஊசியின் குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். ஊசியை வெளியே எடுப்பதற்கு முன் இழுவையை விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் எடுத்ததெல்லாம் சிரிஞ்சின் உள்ளே தெறித்துச் சிதறிவிடும். சில இடங்களில், குறிப்பாகத் தைராய்டு சுரப்பியில், சிரிஞ்சை இழுக்காமலே வெறும் ஊசியை மட்டும் அசைத்து எடுப்பதும் உண்டு. ஒரு முறை குத்தி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வழக்கமாக இரண்டு மூன்று முறை எடுப்பார்கள்.

வருவது ஒரு சொட்டுதான். அதைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, இன்னொரு தகட்டால் மெல்லத் தேய்த்துப் பரப்புவார்கள். சில தகடுகளைக் காற்றில் உலரவிடுவார்கள், சிலவற்றை உடனே சாராயத் திரவத்தில் போடுவார்கள். இரண்டுக்கும் வேறு வேறு சாயம். பிறகு நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்ப்பார். உட்கரு எவ்வளவு பெரிது, உயிரணுக்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா, ஒட்டி இருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா, கிருமி ஏதும் தெரிகிறதா என்று படிப்பார்.

அப்பா செம்பனை எண்ணெய் டேங்கர் லோரி ஓட்டுகிறார். ஆலையில் எண்ணெய் ஏற்றித் துறைமுகப் பக்கம் கொண்டுபோய் இறக்குவார். இறக்குவதற்கு முன் மூடியின் முத்திரையை உடைத்து மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கச்சாச் செம்பனை எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான ஒப்பந்த அளவு. அதைத் தெரிந்துகொள்ள டேங்கரைப் பிளக்க வேண்டியதில்லை. நான் இதைச் சொன்னதும் அப்பா, “சரிதான். ஆனா மாதிரி எடுத்த பிறகு டேங்க் வெடிக்காதுல்ல” என்றார். அவருடைய பயம் சோதனை எப்படி நடக்கிறது என்பதில் இல்லை. சோதனைக்குப் பிறகு நடப்பதில்தான்.

நம் ஊர் மலேரியாவும் அந்தச் சாயமும்

இந்த ஊசியின் வரலாற்றைத் தேடியபோது, அது நம் போர்ட் கிள்ளானுக்கு அருகில் வந்து போனதைக் கண்டு வியந்தேன். 1972 வரை நம் ஊரின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹம். சதுப்பு நிலத்தில் கட்டிய அந்தத் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, வேலையாள்கள் கொத்துக் கொத்தாகப் படுத்தார்கள். துறைமுகத்தையே மூட வேண்டிய நிலை வந்தது. கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்புநீரை வடியச் செய்து கொசுவைக் கட்டுப்படுத்தி நோயைக் குறைத்தார். கிள்ளான் வட்டாரத்து இந்தப் பணி உலக மருத்துவ வரலாற்றில் பேசப்படுகிறது.

அந்தக் காலத்தில் மலேரியாவை உறுதிசெய்ய வழி, விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கிருமியைத் தேடுவதுதான். அதற்கான சாயத்தை 1904-இல் செம்மைப்படுத்தியவர் ஜெர்மனியின் குஸ்தாவ் கீம்சா. இன்று எஃப்.என்.ஏ. தகடுகளில் காற்றில் உலர்ந்தவற்றுக்கு ஏற்றும் சாயத்திலும் அந்தக் கீம்சாவின் பெயர் இருக்கிறது.

அதே 1904-இல், உகாண்டாவில் உறக்க நோயால் அவதிப்பட்டவர்களின் கழுத்து நிணநீர்க் கணுக்களில் ஊசி குத்தி, உறிஞ்சிய திரவத்தில் நோய்க் கிருமியைக் கண்டார்கள் கிரேக், கிரே என்ற இரு மருத்துவர்கள். கட்டிகளில் ஊசியை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கியது நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனை. அங்கே அறுவை சிகிச்சை நிபுணர் ஹேய்ஸ் மார்ட்டினும் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் எட்வர்ட் எல்லிஸும் 1930-இல் தங்கள் முறையை வெளியிட்டார்கள். கழுத்துக் கட்டியை அவசரப்பட்டு வெட்டி எடுப்பது நோயாளிக்குக் கெடுதலாகலாம் என்பதை மார்ட்டின் அழுத்திச் சொன்னவர். ஆனால், அவர்கள் பயன்படுத்தியது 18 எண் ஊசி. இன்றைய 25 எண் ஊசியைவிட இரு மடங்குக்கு மேல் தடிமன்.

மெல்லிய ஊசிக்கு மாறி, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பரிசோதித்து, உலகம் நம்பும்படி செய்தவர்கள் 1950களிலும் 60களிலும் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பணியாற்றிய சிக்ஸ்டன் ஃப்ரான்சேனும் அவருடைய குழுவினரும். இரத்தத் தகடுகளைப் படித்துப் பழகியவர்களுக்குச் சிதறிய உயிரணுக்களைப் படிப்பது அந்நியமாகப் படவில்லை. அங்கிருந்துதான் இந்த மெல்லிய ஊசி உலகம் முழுவதும் போனது.

உறுப்புக்கு உறுப்பு வேறு பதில்

ஒரே ஊசிதான், ஆனால் எல்லா உறுப்பிலும் ஒரே அளவு பயன் தருவதில்லை. இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தைராய்டு: கழுத்தின் முன்பக்கம் வரும் தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது அல்ல, எது ஆம் என்று பிரித்துக் காட்ட இந்த ஊசியைவிட எளிய வழி இல்லை. இது பரவலான பிறகு, தேவையில்லாத தைராய்டு அறுவை சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன. 2007-இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டா நகரில் நடந்த மாநாட்டின் பயனாக, தைராய்டு ஊசியின் முடிவை ஆறு வகையாகப் பிரித்து எழுதும் முறை வந்தது. அதில் முதல் வகை எது தெரியுமா? “மாதிரி போதவில்லை.” ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 உயிரணுக்கள் கொண்ட ஆறு கூட்டங்களாவது தகட்டில் தெரிய வேண்டும் என்பது பொது விதி. அது இல்லையென்றால் நிபுணர் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

நிணநீர்க் கணு: கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வரும் வீக்கம். காசநோயா, நிணநீர்ப் புற்றா, வேறெங்கோ இருக்கும் புற்றுநோய் இங்கே வந்திருக்கிறதா என்று ஊசி வழிகாட்டும். மூக்குத் தொண்டைப் புற்றுநோய் நம் நாட்டில் சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் அதிகம். அதன் முதல் அறிகுறி பல சமயம் கழுத்துக் கட்டிதான். அப்பாவின் மூக்கில் ஏன் கேமரா விட்டார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மார்பகம்: நீர்க்கட்டியாக இருந்தால் ஊசி குத்தியதுமே நீர் வடிந்து கட்டி மறைந்துவிடும். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால், இப்போது பெரும்பாலும் சற்றுத் தடித்த ஊசியால் திசுவைத் துண்டாகவே எடுக்கிறார்கள். எந்த மருந்துக்கு அந்தப் புற்று கட்டுப்படும் என்று கண்டறியும் சோதனைகளுக்குத் திசு தேவைப்படுகிறது.

நுரையீரல், கணையம்: கைக்கு எட்டாத உறுப்புகளுக்கு சி.டி. ஸ்கேனோ அல்ட்ராசவுண்டோ வழிகாட்டும். நுரையீரலில் குத்தும்போது காற்று கசிந்து நுரையீரல் சுருங்க வாய்ப்புண்டு என்பதால் பிறகு கவனித்துக்கொண்டே இருப்பார்கள். கணையத்துக்கு வாய் வழியே குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதன் முனையில் உள்ள அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே இரைப்பைச் சுவரைத் தாண்டி ஊசியைச் செலுத்துகிறார்கள். இதை 1992-இல் வெளியிட்டவர் டென்மார்க்கின் பீட்டர் வில்மன். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-இல் கணையக் கட்டி இன்னதென்று தெரிந்ததும் இப்படிப்பட்ட ஊசியால்தான். 2005-இல் ஸ்டான்ஃபோர்ட் பட்டமளிப்பு உரையில் அவரே அதைச் சொன்னார். அந்தப் பதில் கிடைத்த பிறகும் அவர் ஒன்பது மாதம் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டார் என்பதை அவரது வாழ்க்கை வரலாறு பதிவுசெய்திருக்கிறது. உலகத்திலேயே சிறந்த மருத்துவம் கிடைக்கக்கூடியவரும் பயந்து தள்ளிப்போட்டிருக்கிறார் என்றால், நம் வீட்டுப் பெரியவர்களை நாம் குறை சொல்ல முடியுமா?

இந்த ஊசிக்கு ஓர் எல்லையும் உண்டு. அது தனித்தனி உயிரணுக்களைக் கொண்டுவரும், அவை திசுவில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதைக் கொண்டுவராது. ஒரு வகைத் தைராய்டுக் கட்டி, தன் உறையைத் துளைத்து வெளியே வந்திருந்தால்தான் அது புற்றுநோய். உயிரணுவை மட்டும் பார்த்து உறை துளைபட்டதா என்று சொல்ல முடியாது. அங்கே அறுவை சிகிச்சை செய்து முழுதாகப் பார்த்தால்தான் விடை.

பிளாஸ்டிக் பையில் இருந்த கோப்பு

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவுமா?

நேர்மையான பதில் இதுதான்: ஊசி போன பாதையில் புற்று உயிரணுக்கள் ஒட்டி வளர்ந்த நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் உண்டு. ஆனால், கழுத்து, தைராய்டு, மார்பகம் போன்ற இடங்களில் மெல்லிய ஊசியால் அப்படி நடப்பது மிக மிக அரிது. கல்லீரல் புற்றுநோயில் அந்த வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பதால், ஸ்கேனிலேயே முடிவு தெரிந்தால் மருத்துவர்கள் ஊசியைத் தவிர்ப்பார்கள். விதைப்பையில் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் ஊசி குத்தவே மாட்டார்கள். எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்பது அவர்களுடைய படிப்பிலேயே இருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். “உனக்குப் படிப்பு. எனக்கு நடந்தது” என்றார். அதோடு பேச்சு நின்றது.

இரண்டு நாள் கழித்து அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கிக் கொடுத்தார். உள்ளே அத்தையின் மருத்துவக் கோப்பு. அப்பா அதை ஒன்பது ஆண்டாகப் பத்திரமாக வைத்திருந்தார், ஆனால் ஒரு முறையும் திறக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் தேதிவாரியாக அடுக்கினேன். ஊசி குத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை. சி.டி. ஸ்கேன் எடுத்தது அதே வாரம் வெள்ளிக்கிழமை. ஸ்கேன் அறிக்கையில், கல்லீரலில் பல கட்டிகள், முதுகெலும்பிலும் பரவியிருக்கிறது என்று இருந்தது. முதல் நாள் மருத்துவர் கையால் எழுதிய குறிப்பும் இருந்தது: கட்டி ஓராண்டுக்கு மேலாக இருப்பதாக நோயாளி சொல்கிறார்.

அன்று இரவு சாப்பிட்ட பிறகு அந்த மூன்று தாள்களையும் அப்பா முன் வைத்தேன். “செவ்வாய்க்கிழமை குத்துன ஊசி, வெள்ளிக்கிழமைக்குள்ள கல்லீரல்ல இவ்வளவு கட்டியைக் கொண்டுவந்திருக்க முடியாதுப்பா. அது ஏற்கெனவே அங்க இருந்திருக்கு. ஊசி குத்துனதாலதான் நமக்குத் தெரிஞ்சது.”

அப்பா நெடுநேரம் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “உன் அத்தை என்கிட்ட முன்னாடியே சொல்லிச்சு. நான்தான் தீபாவளி முடியட்டும், பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்னு சொன்னேன்.”

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்த ஊசியின் மேல் அவர் கோபப்பட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. தாள்களை எடுத்துத் திரும்பவும் பையில் வைத்தேன். அம்மா அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்த வாரம், கொடுத்த தேதியில், அப்பா ஊசிக்குப் போனார்.

முதல் பதில் பதிலல்ல

வெளியே வந்தவர் கழுத்தில் சிறு பஞ்சு ஒட்டியிருந்தது. “எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்றார். பத்து நாளில் முடிவு வந்தது: வெறும் இரத்தம்தான் வந்திருக்கிறது, உயிரணுக்கள் போதவில்லை.

அத்தை, சித்தப்பா குடும்பங்கள் இருக்கும் எங்கள் புலனக் குழுவில் உடனே வாழ்த்துகள் குவிந்தன. “ஒண்ணும் இல்லையாம், கடவுள் புண்ணியம்.” நான் பதறிவிட்டேன். “ஒன்றும் இல்லை” என்பதும் “ஒன்றும் தெரியவில்லை” என்பதும் வேறு வேறு. டேங்கரிலிருந்து மாதிரியே வராதபோது எண்ணெய் நல்லது என்று எழுதுவார்களா? இதை அப்பாவே எடுத்துச் சொல்லி, “மறுபடி எடுக்கணும்லா” என்று குழுவில் குரல் பதிவு அனுப்பினார்.

இரண்டாவது முறை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குத்தினார்கள். இந்த முறை சிரிஞ்சில் பால் கலந்தாற்போன்ற கெட்டியான திரவம் வந்தது. தகட்டில் காசநோய்க்கே உரிய உயிரணுக் கூட்டங்களும் சிதைந்த திசுவும் தெரிந்தன. அதே திரவத்தில் செய்த மரபணுச் சோதனை காசநோய்க் கிருமியை உறுதிப்படுத்தியது. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். இந்த மரபணுச் சோதனை இயந்திரம் தன் வேலையை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும்.

புற்றுநோய் இல்லை என்று நாங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அப்பாவுக்கோ வேறு கவலை. “டிபின்னு யார்கிட்டயும் சொல்லாத.” காசநோய் என்றால் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். நம் நாட்டில் ஆண்டுதோறும் 20 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. கழுத்துக் கணுவில் மட்டும் இருக்கும் காசநோய் இருமலால் மற்றவர்களுக்குப் பரவாது. அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. எங்கள் எல்லாரையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் இல்லை.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். தினமும் கிளினிக்கில் தாதியர் முன்னிலையில் விழுங்க வேண்டும். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து அப்பா எனக்கு அழைத்துவிட்டார். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். மூன்றாம் மாதமே கட்டி பாதியாகக் குறைந்திருந்தது. ஆனாலும் மருந்தை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் திரும்பி வரலாம்.

நாம் செய்யக்கூடியது

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் 63.7 விழுக்காடு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரியவந்தன. 2017 முதல் 2021 வரை அது 65.1 விழுக்காடு. மருத்துவம் முன்னேறியிருக்கிறது, நாம் மருத்துவமனைக்குப் போகும் நேரம் முன்னேறவில்லை. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் என்று கட்டணம் இருக்கும் நாட்டில், பணம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் மருத்துவர் பேசுவதைப் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது நாம்தான். அப்படியானால் இவற்றை நினைவில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கரையாத கட்டி எங்கே இருந்தாலும், வலிக்காவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். முடிவு வந்ததும், “மாதிரி போதுமானதாக இருந்ததா?” என்று முதலில் கேளுங்கள். போதவில்லை என்றால் மறுபடி எடுக்கத் தேதி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். முடிவு நல்லதாக வந்து, கட்டி தொடர்ந்து வளர்ந்தால் மீண்டும் போங்கள்.

எஸ்.பி.எம். முடித்து அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின் நோயைக் கண்டுபிடித்தவர்களை நாங்கள் பார்க்கவே இல்லை. தகட்டுக்குச் சாயம் ஏற்றியவர், நுண்ணோக்கியில் குனிந்து படித்தவர், மரபணுச் சோதனையை ஓட்டியவர் எல்லாரும் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், உயிரிமருத்துவ அறிவியலாளர், நோயியல் நிபுணர் என்று அங்கே போக மூன்று வழிகள் இருக்கின்றன. மருத்துவர் ஆகாவிட்டால் மருத்துவத் துறையே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். யோசித்தார். “என் பேரைப் போடாத. அத்தை விஷயத்த எழுது. நான் தள்ளிப்போட்டதையும் எழுது” என்றார்.

போன மாதம் அவருடைய கடைசி மாத்திரை முடிந்தது. அவருடன் லோரி ஓட்டும் ஒருவருக்கு அக்குளில் கட்டி இருக்கிறதாம். டேங்கரில் எண்ணெய் இறங்கும் வரை காத்திருக்கும் நேரத்தில், அப்பா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி அவரிடம் பேசியிருக்கிறார். “நாளைக்கே போன்னு சொன்னேன். தீபாவளிக்கெல்லாம் காத்திருக்காதன்னு சொன்னேன்.”